பழைய எஞ்சினுக்கு ஆயில் சம்ப் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

"எல்லா 350-க்கும் இது உட்காரும், கவலையே படாதீங்க" என்று சொல்லி யாராவது ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பச் சொல்லித்தான் என் எஞ்சினைக் கிட்டத்தட்டக் கொன்றார்கள்.

என்னிடம் இருப்பது பழைய செவர்லே 350 வி8, 1976 பிளாக். சம்ப்பின் அடிப்பகுதி துருப்பிடித்து ஆயில் கசிய ஆரம்பித்ததால், பழைய எஞ்சின் வேலையில் பேர் வாங்கிய ஒரு பட்டறையில் கொடுத்தேன். வருடம், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் பக்கம், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க மெயின் சீலின் வகை எல்லாவற்றையும் தாளில் எழுதியே கொடுத்தேன். அவர்கள் சொன்ன பதில்தான் மேலே இருப்பது.

350 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு, அவ்வளவுதான். 1985 வரை வந்த பிளாக்குகளில் பின்பக்க மெயின் சீல் இரண்டு துண்டு. 1986-இலிருந்து ஒரே துண்டு. அதனால் சம்ப்பின் பின்பக்க வளைவே வேறு. டிப்ஸ்டிக் 1979 வரை எஞ்சினின் இடது பக்கம், 1980 முதல் வலது பக்கம். முன்பக்க சீலின் தடிமனும் 1975-இல் மாறியது. ஆனால் இரண்டு பக்கவாட்டிலும் போல்ட் துளைகள் ஒத்துப்போகும். அதை வைத்துத்தான் "உட்காரும்" என்கிறார்கள். உட்காருவது வேறு, பொருந்துவது வேறு.

எனக்கு மாட்டியது 1986-க்குப் பிந்தைய சம்ப். பின்வளைவு சேரவில்லை என்று மாட்டும்போதே தெரிந்திருக்கும். திருப்பி அனுப்பாமல், இடைவெளி முழுக்க சிலிகானைப் பிதுக்கி அடைத்துவிட்டார்கள். காரை எடுத்து வந்த கொஞ்ச நாளிலேயே ஃபிளைவீல் பக்கம் ஆயில் சொட்டியது. அப்புறம் எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் சம்ப்பை இறக்கியதும் நான் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பின்வளைவில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிற சிலிகான். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருந்தது. உள்ளே பிதுங்கியது ஆயிலில் ஊறி, நூல் நூலாகப் பிய்ந்து, ஆயில் பம்ப்பின் பிக்கப் (சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்) வலையில் சேமியா மாதிரி ஒட்டிக்கிடந்தது. வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. பம்ப்புக்கு ஆயில் வராவிட்டால் முதலில் போவது பேரிங், அடுத்து கிராங்க் ஷாஃப்ட். சம்ப் விலையோடு நிற்கிற சேதமில்லை இது.

பட்டறையில் போய்க் கேட்டால், "சிலிகான் பட்ட சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். சிலிகானைப் பூசியதே அவர்கள்! சம்ப் வந்த பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அதன் லேபிளில் "1986 முதல்" என்று தெளிவாக அச்சாகியிருந்தது. தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். நான் கொடுத்த கூலியும் திரும்பக் கிடைக்கவில்லை, பொருளின் காசும் வரவில்லை.

எந்தப் பழைய எஞ்சினாக இருந்தாலும் சரி, புது சம்ப்பைப் பழையதின் பக்கத்தில் கவிழ்த்து வைத்து முன் வளைவு, பின் வளைவு, குழியின் (ஆயில் தேங்கும் ஆழமான பகுதி) இடம், ஆழம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழி முன்னால் இருக்க வேண்டியது பின்னால் இருந்தால் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் முட்டும். சிலிகான் எதுவும் போடாமல் கேஸ்கட்டை மட்டும் வைத்து ஒருமுறை பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேலையைக் கொடுக்காதீர்கள். சிலிகானுக்கு வேலை மூலைகளில் மட்டும்தான், அதுவும் துளியளவு.

ஆழம் மாறினால் பிக்கப்பையும் பார்க்க வேண்டும். பிக்கப்புக்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே பொதுவாக 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். பிக்கப்பின் அடியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டி, கேஸ்கட்டோடு சம்ப்பை வைத்து எடுத்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அந்த இடைவெளி. இரண்டாவது மெக்கானிக் என் கண் முன்னாலேயே அளந்து காட்டினார். போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. தகட்டு சம்ப்பின் விளிம்பு துளையைச் சுற்றிக் குழிந்து, அங்கிருந்தே கசியும். முதல் பட்டறை அதையும் செய்து வைத்திருந்தது.

இப்போது என் பிளாக்குக்கு உரிய சம்ப் மாட்டியாகிவிட்டது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்தத் தவறான சம்ப்பைக் கழுவி, விளிம்பைத் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். 1986-க்குப் பிந்தைய, ஒரே துண்டு சீல் உள்ள 350 யாரிடமாவது இருந்தால் கேளுங்கள், சும்மாவே தருகிறேன். கேட்கும் முன் உங்கள் டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.