சோயாவுக்கு ரைசோபியம் வாங்குகிறீர்களா? தேதி ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்

தாராவியில் எங்கள் எதிர்வீட்டு மராட்டிக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, லாத்தூர் பக்கம் அவர் நிலத்தில் மூன்று ஏக்கர் சோயா போட்டேன். மே மாதம் ஒருவர் தேடி வந்தார். "நானும் திருநெல்வேலிதான் தம்பி" என்றார், அந்த ஒரு வார்த்தையிலேயே மனசு இளகிவிட்டது. ஸ்பெஷல் ரைசோபியமாம் (வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா), 10 கிலோ விதைக்கு ஒரு பாக்கெட், விலை 400 ரூபாய், இதை விதையில் கலந்துவிட்டால் மூட்டை உரமே வேண்டாமாம். பத்து பாக்கெட் வாங்கினேன். பில் அப்புறம் தருகிறேன் என்றார்.

விதைத்து 40 நாளில் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது, பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான். பிளேடால் வெட்டினோம், உள்ளே வெள்ளை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

மிச்சமிருந்த ஒரு பாக்கெட்டில் காலாவதி தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் போன வருஷத் தேதி! ரைசோபியம் உயிருள்ள பாக்டீரியா, சூடு பட்டால் செத்துப்போகும். அவர் அடுக்கி வைத்திருந்ததோ தகரக் கூரை குடோனில், மே மாத வெயிலில். வியர்வையைத் துடைத்துக்கொண்டே அங்கே பணத்தை எண்ணிக் கொடுத்தேனே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதைவிடக் கேடு, உரமே வேண்டாம் என்ற பேச்சு. நல்ல ரைசோபியமாகவே இருந்தாலும் அது நைட்ரஜனைத்தான் தரும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நாம்தான் போட வேண்டும். சோயா எண்ணெய்வித்து, கந்தகமும் கேட்கும். சூப்பர் பாஸ்பேட் போட்டிருந்தால் மணிச்சத்தோடு அதுவும் கிடைத்திருக்கும். முடிச்சு பிடிக்கும்வரை செடி தாக்குப்பிடிக்க ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ நைட்ரஜன் அடியுரமாகவும் வேண்டும். எதையுமே போடவில்லை நாங்கள்.

கிருஷி சகாயக் (அரசு வேளாண் உதவியாளர்) சொன்னபடி பூக்கும் சமயத்தில் 2 சதவீத யூரியாக் கரைசல் தெளித்தோம். பச்சை கொஞ்சம் திரும்பியது, காய்தான் சரியாகப் பிடிக்கவில்லை. பக்கத்து வயலில் ஏக்கருக்கு எட்டு குவிண்டால், எங்களுக்கு நாலரை. அந்த ஆள் இப்போது போனே எடுப்பதில்லை, பில் இல்லாததால் புகார் கொடுக்கவும் கையில் ஒன்றுமில்லை.

இந்த சீசனுக்கும் அவர் செம்பூர், சயான் பக்கம் நம்ம ஆட்களைத் தேடிப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் விதையில் கலக்கும் முன் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள், பழைய தேதி இருந்தால் பாக்கெட்டோடு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம்.