காந்தல்லூர்த் தோட்டத்தில் நான்கு மாதம்: ஒரு வேட்டைக் கேமராவைப் பற்றி

மரத்தில் வாரால் கட்டிவிட்டு வந்தால், எதிரே எது நடந்தாலும் தானே படமெடுத்துக்கொள்ளும் பச்சைநிறப் பெட்டி ஒன்றைச் சென்ற பிப்ரவரியில் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த பொருள் அது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொம்பு விரித்த மான்தான் நிற்கிறது. மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்ட நாட்டில், அதிலும் சின்னாறு சரணாலயத்தை அடுத்த காந்தல்லூரில், பீன்ஸும் கேரட்டும் போடுகிறவனுக்கு இது எதற்கு என்று, மறையூரில் கரும்பாலை வைத்திருக்கும் என் மைத்துனர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மாடலின் பெயரைத் தரவில்லை. ஒரே உருவப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன. நான் சொல்லும் குறைநிறைகள் அந்த விலையில் வரும் பலவற்றுக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மானின் வேட்டைப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தோடு முடிகிறது. ஆனால் கருத்துள்ள வேட்டைக்காரருக்கு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். குளிர்காலக் கடைசியில் மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடி நடப்பது, கொம்பு உரசிப் பட்டை உரிந்த இளமரங்களைக் குறித்துக்கொள்வது, படுக்குமிடத்துக்கும் மேயுமிடத்துக்கும் இடையே உள்ள தடங்களைக் கண்டுபிடிப்பது, புதுக்கொம்பு மென்தோல் போர்த்தி வளரும் கோடையில் அந்தத் தடங்களில் கேமராக்களைக் கட்டுவது என்று, வேட்டை இல்லாத மாதங்களிலேயே அவர் அந்த விலங்கின் நடமாட்டம் முழுவதையும் படித்துவிடுகிறார். பரணை எந்த மரத்தில் கட்டுவது என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்கிறார். எங்கள் மலையிலும் பரண் உண்டு. அதில் ஏறுகிறவன் தகர டப்பாவைத் தட்டி விரட்டுவதற்காக ஏறுகிறான் என்பதுதான் வேறுபாடு. நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் தடம் பார்க்கும் அந்த உழைப்பை எங்கள் வேலிக்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கவே இதை வாங்கினேன்.

எங்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் மிளா, அதாவது கடமான். காட்டுப்பன்றியும் வரும், ஆனால் அது மண்ணைக் கிளறிவிட்டுப் போவதால் வந்த வழி தெரிந்துவிடும். மிளா இரவில் வந்து, நுனியைக் கடித்துவிட்டு, விடிவதற்குள் போய்விடும். சாலைப் பக்கத்து மேல்வேலி சரிந்த இடத்தில்தான் நுழைகிறது என்று பத்து வருடமாக நம்பி, அங்கேதான் பரண் கட்டி, அங்கேதான் ஆள் படுத்தோம். கேமராவையும் முதலில் அங்கேயே கட்டினேன். மூன்று வாரத்தில் கிடைத்தவை பக்கத்துத் தோட்டத்து நாய்கள், ஒரு கேளையாடு, மற்றும் நான். பிறகு கீழே ஓடைக்கரைக்கு மாற்றினேன். முதல் இரவே, இரண்டு மணி பத்து நிமிடத்தில், நான்கு மிளாக்கள் ஓடைப் படுகையிலேயே வரிசையாக நடந்து, கம்பிக்கும் கற்களுக்கும் இடையே இருந்த இடைவெளியில் தலையைத் தாழ்த்தி உள்ளே வருகிற படம் கிடைத்தது. வெள்ளம் போகட்டும் என்று நாங்களே விட்டுவைத்த இடைவெளி அது. மேல்பக்கம் நூற்றிருபது மீட்டர் சோலார் வேலி போட வைத்திருந்த பணத்தில், ஓடையைச் சுற்றி நாற்பது மீட்டர் போட்டு முடித்தோம். இந்த ஒரு காரணத்துக்காகவே பெட்டி தன் விலையைத் திருப்பித் தந்துவிட்டது என்பேன்.

இனி கருவியின் தரம். இது வெப்ப வேறுபாட்டை உணர்ந்து இயங்குகிறது; பின்னணியைவிடச் சூடான உடல் எதிரே நகர்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். எனவே இரவிலும் விடியலிலும் சிறப்பாக வேலை செய்கிறது. மார்ச் மாத மதியத்தில் பாறையும் மண்ணும் விலங்கின் உடலளவுக்குக் காய்ந்துவிட்டால் எதிரே நடப்பதைத் தவறவிடுகிறது. அதே நேரத்தில் வெயிலில் காய்ந்த கோரைப்புல் காற்றில் ஆடினால் அதைப் படம் பிடிக்கிறது. ஒரு வாரம் ஆயிரத்து நூறு படங்களைப் புரட்டி, அவற்றில் விலங்கு இருந்த முப்பதை மட்டும் எடுத்தேன். லென்சுக்கு முன்னால் பத்தடி வரை புல்லை அறுத்த பிறகு இந்தத் தொந்தரவு பெரிதும் குறைந்தது.

இரவுப் படங்களுக்கான அகச்சிவப்பு விளக்குகளில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் வகை தொலைவுக்கு வெளிச்சம் தரும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். 940 வகை தெரியவே தெரியாது, எட்டும் தூரம் குறைவு. நான் இரண்டாவதை வாங்கினேன். மிளாக்களுக்காக அல்ல, சாலையில் போகிற மனிதர்களின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. பதினைந்து மீட்டருக்கு அப்பால் உருவம் மங்கினாலும், ஓடைக்கு அது போதும்.

பெட்டியின் மேல் 24 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை நம்பி வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் சென்சார் சிறியது. படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். 8 மெகாபிக்சலில் வைத்து எடுத்த படத்துக்கும் 24-இல் எடுத்ததற்கும் மெமரி கார்டில் பிடிக்கும் இடம்தான் வித்தியாசம். 0.3 விநாடியில் படமெடுக்கும் என்ற கூற்றும் நிபந்தனைக்கு உட்பட்டது: தடத்துக்கு நேர்குறுக்காகக் கட்டியபோது துள்ளிப் போன புள்ளிமான்களின் பின்பாதி மட்டும்தான் விழுந்தது. தடத்துக்குச் சாய்வாக, விலங்கு கேமராவை நோக்கி வருகிறபடி திருப்பிக் கட்டியதும் முழு உருவம் கிடைத்தது. இதைக் கையேடே சொல்கிறது, நான்தான் படிக்கவில்லை.

எட்டுப் பென்சில் பேட்டரிகள் தேவை. சாதாரண அல்கலைன் பேட்டரி ஏழு வாரம் வந்தது. சார்ஜ் செய்யும் வகை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், நிறைய மின்சாரம் மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டியது. மழை ஒன்றும் செய்யவில்லை. எறும்புகள்தான் வாரின் பின்பக்கம் கூடு வைத்தன. வாரின் பக்கிள் இரண்டாம் மாதம் உடைந்தது. விற்ற கடைக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை, சாக்குக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். சிம் போடும் வகையை நான் வாங்காததற்குக் காரணம், ஓடைப் பள்ளத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னலும் எட்டாது என்பதே.

கையேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நம்மவர்கள் கிழித்துப் போட்டுவிடலாம். கேமராவுக்கு முன்னால் உப்புக்கட்டி வைத்து மான்களை வரவழைக்கச் சொல்லும் பக்கம் அது. நம் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது ஆகியவற்றோடு இரைகாட்டி ஈர்ப்பதும் சேர்ந்தே இருக்கிறது. அதேபோல் கேமராவை உங்கள் பட்டா நிலத்து மரத்தில் மட்டும் கட்டுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் கட்டக் கூடாது. உதிர்ந்த கொம்பு கண்ணில் பட்டாலும் எடுத்து வராதீர்கள்.

ஏப்ரலில் ஒரு படத்தில், பெரிய கிடா ஒன்றின் கழுத்தடியில் இரத்தம் கசிவது போல ஒரு கரிய வட்டம் தெரிந்தது. யாரோ கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பதறிப்போய், அதே ஊரில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் காட்டினேன். "தம்பி, அது புண்ணு இல்ல. மிளாவுக்குச் சில மாசம் தொண்டையில அப்படித்தான் முடி உதிர்ந்து கிடக்கும்," என்றார். அடுத்தடுத்த படங்களில் பெட்டை மிளா ஒன்றுக்கும் அதே அடையாளம் இருந்தது.

உழவு தொடங்கியதும் கேமராவைக் கழற்றிவிட்டேன். பயிர் வந்த பிறகு கட்டினால் மேய்ந்துவிட்டுப் போவதைப் பார்த்து வருந்தத்தான் உதவும். வரும் ஜனவரியில் இன்னொன்று வாங்கி, ஓடைக்கு மேல்பக்கத்து வளைவில் கட்டப்போகிறேன். நாற்பது மீட்டர் வேலி முடியும் இடத்திலிருந்து சரியாக எட்டடி தள்ளி, புதிய குளம்புத் தடங்கள் ஏற்கெனவே தெரிய ஆரம்பித்துவிட்டன.