கான்கார்ட் திராட்சை: பழமும் சாறும் ஜெல்லியும்

செப்டம்பர் மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பண்ணைக் கடைகளுக்கு வரும் கருநீலக் கான்கார்ட் திராட்சையையும், ஆண்டு முழுவதும் கிடைக்கும் அதன் சாற்றையும் ஜெல்லியையும் ஒப்பிட்டால், பழத்துக்கு முதலிடமும் சாற்றுக்கு அடுத்த இடமும் தருவேன். ஜெல்லியை வாங்காவிட்டாலும் இழப்பில்லை. இந்த வரிசைக்கான காரணம், அந்தக் கொடியை உருவாக்கிய எஃப்ரைம் வேல்ஸ் புல் எதைத் தேடினார் என்பதில் இருக்கிறது.

1806-இல் பாஸ்டனில் பிறந்த புல், தங்க ரேக்கு அடிக்கும் தொழிலைச் செய்தவர். உடல்நலம் கருதி 1836-இல் கான்கார்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, தோட்டத்தில் இறங்கினார். ஐரோப்பியத் திராட்சை அப்பகுதியின் குளிரையும் நோய்களையும் தாங்கவில்லை; அப்போது பயிரிடப்பட்ட அமெரிக்க வகைகளோ உறைபனி விழுவதற்குள் சரியாகப் பழுக்கவில்லை. எனவே அவர் காட்டில் வளரும் லாப்ருஸ்கா இனத்தின் விதைகளை ஊன்றி, நாற்றுகளை வளர்த்து, கனி தேறாதவற்றைக் கழித்துக்கொண்டே வந்தார். வாழ்நாளில் சுமார் 22,000 நாற்றுகளைச் சோதித்தார் என்பார்கள். அவற்றுள் 1849-இல் அவர் தேர்ந்தெடுத்த கொடிதான் கான்கார்ட்.

பனிக்கு முந்திப் பழுக்க வேண்டும் என்பதே அவரது முதல் நிபந்தனை என்பதை மனத்தில் கொண்டால், பழத்தின் குறைகள் பெரிதாகத் தெரியா. தோல் தடிப்பானது, விரலால் அழுத்தினால் உள்ளிருக்கும் சதை வழுக்கி வாய்க்குள் விழும், தோல் கையில் தங்கும். சதையைப் பற்றிக்கொண்டிருக்கும் விதைகளைத் துப்புவதற்குப் பொறுமை வேண்டும். விதையில்லாத் திராட்சையை அள்ளி வாயில் போட்டுப் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் மணத்துக்கு ஈடில்லை. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்னும் சேர்மம் தரும் அந்த மணத்தைத்தான் ஊதா நிற மிட்டாய்கள் செயற்கையாகத் தர முயல்கின்றன. லாப்ருஸ்காக் கலப்பான நம் பெங்களூர் புளூ திராட்சையை உண்டவர்களுக்கு இது அந்நியமாக இராது. இனிப்பு சதையிலும் புளிப்பும் துவர்ப்பும் தோலிலும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து மென்றால்தான் சுவை முழுமையாகும்.

1853-இல் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் இப்பழம் பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டே ஒரு கொடி 5 டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்டில் நல்ல வருவாய் கிடைத்தாலும், நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஒரு கொடியை வாங்கி, அதிலிருந்து தாங்களே எத்தனையோ கொடிகளைப் பெருக்கி விற்றுக்கொண்டார்கள். தாவரங்களுக்குக் காப்புரிமை தரும் அமெரிக்கச் சட்டம் 1930-இல்தான் வந்தது. 1855-இல் புல் மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வேளாண்மைக் குழுவின் தலைவராக இருந்தார், பின்னர் மேலவையிலும் அமர்ந்தார். காப்புரிமை கூட்டரசின் அதிகாரத்தில் இருந்ததால், அந்தப் பதவிகளால் தம் கொடியை அவர் காத்திருக்க முடியாது. 1893-இல் ஏணியிலிருந்து விழுந்து காயமுற்ற அவர், 1895-இல் முதியோர் இல்லத்தில் காலமானார். அவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள் என்பது அவருடைய கல்லறை வாசகம். கசப்பானதுதான், ஆனால் பொய்யில்லை.

அறுவடை செய்தவர்களுள் முதன்மையானவர், நியூ ஜெர்சியின் வைன்லாந்தில் வாழ்ந்த பல் மருத்துவர் தாமஸ் பிராம்வெல் வெல்ச். தேவாலயத் திருவிருந்துக்குப் போதை ஏறாத பானம் வேண்டுமென்று 1869-இல் கான்கார்ட் சாற்றைச் சூடாக்கி, நொதிக்காமல் புட்டியில் அடைத்தார். இன்று கடையில் கிடைக்கும் சாற்றிலும் மணமும் ஆழ்ந்த நிறமும் நன்றாகவே எஞ்சியிருக்கின்றன. சர்க்கரை சேர்க்காத வகையிலும் 240 மில்லிலிட்டருக்குச் சுமார் 36 கிராம் சர்க்கரை உண்டு என்பதால், பாதிக்குப் பாதி சோடா கலந்து குடிப்பதே சரி. வீட்டில் பிழிந்தால் சாற்றை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்து, அடியில் படியும் டார்ட்டரிக் உப்புப் படிகங்களை விட்டு மேலே உள்ளதை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும்.

வேர்க்கடலை வெண்ணெயோடு ரொட்டியில் தடவும் ஜெல்லிதான் அமெரிக்கக் குழந்தைகள் இப்பழத்தை அறியும் வழி. அதில் தோல் வடிகட்டப்பட்டுவிடுவதால் துவர்ப்பு போய், சர்க்கரை மட்டும் முன்னால் நிற்கிறது. அந்தப் பணத்துக்குப் பருவத்தில் பழத்தையே வாங்கி, தோலைத் தனியே எடுத்து வைத்து, சதையை வேகவைத்து விதை நீக்கி, தோலையும் சேர்த்துக் காய்ச்சினால் நல்ல ஜாம் கிடைக்கும். ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் பழத்திலேயே மிகுதியாக இருப்பதால் தனியாக வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை.