மூன்று பேட்ஜர் பிரஷ்கள்: ஒன்பது வருட அனுபவம்

என் குளியலறை அலமாரியில் பேட்ஜர் என்ற, வளை தோண்டி வாழும் விலங்கின் முடியில் செய்த ஷேவிங் பிரஷ்கள் மூன்று சமீப காலம் வரை இருந்தன. மூத்ததுக்கு ஒன்பது வயது. வாரத்தில் ஐந்து நாள் ஷேவ் செய்கிறவன் நான். மாற்றி மாற்றி எடுத்தாலும் ஒவ்வொன்றும் பல நூறு முறை முகத்தில் பட்டாயிற்று. வாங்கிய முதல் வாரத்தில் இவற்றைப் பற்றி நினைத்ததில் பாதி தவறு என்று இப்போது தெரிகிறது. மென்மையான பிரஷ்தான் தரமான பிரஷ் என்று நம்பியதுதான் பெரிய தவறு.

முதலில் வாங்கியது 'ப்யூர்' வகை. கடைகளில் பேட்ஜர் முடியை ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்து விற்பார்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 'பெஸ்ட்' இன்னொரு கம்பெனியின் 'சூப்பர்' போல இருக்கலாம். ப்யூர் என்றால் கலப்பில்லாத உயர்ந்த சரக்கு என்று நினைத்து வாங்கினேன். உண்மையில் அது கீழ்ப்படி. முடி கருத்திருக்கும், தடித்திருக்கும். முதல் மாதம் தினமும் மூன்று நான்கு முடி உதிர்ந்து நுரையோடு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் உதிர்வது நின்றது. குத்தல் மட்டும் நிற்கவில்லை.

ஏன் குத்துகிறது என்பது பிறகுதான் புரிந்தது. பேட்ஜர் முடி நடுவில் பருத்து நுனியில் ஊசிபோல் மெலியும். நல்ல பிரஷ்ஷில் அந்த நுனிமீது கத்தரி படாது. முடிகளை ஒரு சிறு கிண்ணம் போன்ற அச்சில் தலைகீழாக அடுக்கி, குமிழ் வடிவம் வரவைத்து, அடியில் கட்டிவிடுவார்கள். மலிவான பிரஷ்ஷில் முதலில் கட்டிவிட்டு, பிறகு செடி வெட்டுவதுபோல் மேலே வெட்டி வடிவம் கொடுப்பார்கள். மெலிந்த நுனி போய், மொட்டையான முனைதான் தோலில் படுகிறது. பன்றி முடி பிரஷ் என்றால் பழகப் பழக நுனி பிளந்து மெத்தென்று ஆகும். பேட்ஜர் முடி அப்படி மாறாது. ஒன்பது வருடம் கழித்தும் தாடைக்குக் கீழே அந்தப் பிரஷ் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆனாலும் கெட்டியான சோப்பிலிருந்து நுரை எடுப்பதில் அதற்கு நல்ல வலு இருக்கிறது. அதனாலேயே தூக்கிப் போடவில்லை.

இரண்டாவது கென்ட் பிகே4. 1777இல் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பெனி. இது சில்வர்டிப்: நுனி இயல்பாகவே வெள்ளையாகவும் நனைந்தால் பூப்போல விரிவதாகவும் இருக்கும். முதல் நாள் கன்னத்தில் வைத்தபோது எதுவுமே படவில்லையோ என்று தோன்றியது. ட்யூபில் வரும் ஷேவிங் கிரீமோடு இதற்கு அவ்வளவு பொருத்தம். கிண்ணத்தில் நான்கு சுற்றுச் சுற்றினால் போதும், தயிர்போல நுரை திரண்டுவிடும். தோல் எரிகிற நாளில், குளிர்காலத்தில் உதடோரம் வெடித்திருக்கும்போது, இதைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

இடையில் ஒரு ஏமாற்றமும் நடந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. சில்வர்டிப் என்று சொல்லி ஒரு கம்பெனி விற்ற பிரஷ் அது. நுனி பளீரென்று வெள்ளை, தொட்டால் வழவழ. ஆறு மாதத்தில் நுனிகள் நொறுங்கத் தொடங்கின. உற்றுப் பார்த்தால் வெள்ளை முடிகிற இடம் எல்லா முடியிலும் ஒரே கோடு போட்டதுபோல் இருந்தது. வெளுப்பு மருந்தில் முக்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பேட்ஜரில் போலி புதிதல்ல. முதல் உலகப்போர்க் காலத்தில் குதிரை முடியைப் பேட்ஜர் போலக் காட்டிப் பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. சிலர் இறந்தும் போனார்கள்.

மூன்றாவதுதான் என் மனத்தை மாற்றியது: சிம்ப்சன் சப்பி 2, 'பெஸ்ட்' தரம். 1919இல் தொடங்கிய பெயர். இப்போது ஐல் ஆஃப் மேன் தீவில் செய்கிறார்கள். கைப்பிடி குள்ளமாக, குண்டாக உள்ளங்கையில் உட்காரும். முடிக்கட்டு 27 மில்லிமீட்டர் அகலம்; ஆனால் கட்டுக்கு மேலே நிற்கும் முடியின் உயரம் குறைவு. அந்த விகிதத்தில்தான் விஷயமே இருக்கிறது. அடர்த்தியாக முடியை வைத்து உயரத்தைக் குறைத்தால் பிரஷ் துவளாது. அழுத்தினால் எதிர்த்து நிற்கும். பிரஷ் பிரியர்கள் இதைப் பேக்போன் என்பார்கள். நுனி மென்மை, உடல் விறைப்பு. முகத்திலேயே நுரை கட்டும்போது ஒவ்வொரு மயிர்க்காலையும் தூக்கி நிறுத்துவது அந்த விறைப்புதான். தர வரிசையில் கென்ட்டைவிடக் கீழ்ப்பெயர். ஆனால் சோப்பு வைத்து ஷேவ் செய்கிற எனக்கு இதுதான் முதலிடம்.

அப்படிச் சொல்லவே இரண்டு வருடம் ஆயிற்று. ஆரம்பத்தில் சப்பி நுரையை விழுங்கிவிடுகிறது, முகத்துக்கு ஒன்றுமே வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மான்செஸ்டரில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். அதே பிரஷ், அதே டாபாக் ஷேவிங் சோப். பாதி நேரத்தில் நுரை வழிந்தது! காரணம் தண்ணீர். நான் இருக்கும் லண்டனில் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. அந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி முடிக்குள் தங்கிவிடுகிறது. மான்செஸ்டருக்கு 1894 முதல் தேர்ல்மியர் ஏரியிலிருந்து வருவது சுண்ணாம்பு குறைந்த மென்னீர். லண்டன் திரும்பியதும், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி வெள்ளை வினிகர் விட்டுப் பிரஷ்ஷை ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். நீர் கலங்கியது, பிரஷ் புதிதுபோல விரிந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். கடினநீர் ஊரில் இருப்பவர்கள் பிரஷ்ஷைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நனைந்த விலங்கு வாடை பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஐந்தாறு முறை நுரை கட்டிக் கழுவினால் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2018இல் பீட்டா அமைப்பு அங்குள்ள பேட்ஜர் பண்ணைகளின் காட்சிகளை வெளியிட்டது. சிறு கூண்டுகளில் அந்த விலங்குகள் நிலைகொள்ளாமல் சுற்றியதைப் பார்த்த பிறகு புதிதாகப் பேட்ஜர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. இருப்பதை வீணாக்கவும் மனமில்லை. அடுத்து வாங்கியது ஜெர்மனியில் ஸ்டூட்சன்க்ரூனில் இருக்கும் மூலே கம்பெனியின் செயற்கை இழைப் பிரஷ். நுனி மென்மையில் சில்வர்டிப்புக்கு மிக அருகில் நிற்கிறது. காலையில் நனைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. பேட்ஜர் அளவுக்கு நீரைப் பிடித்து வைக்காது, அதனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கப் பழகிக்கொண்டேன். சப்பியின் அந்த எதிர்த்து நிற்கும் அழுத்தம் இதில் இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் புதிதாக வாங்குவோருக்கு நான் கைகாட்டுவது செயற்கை இழையைத்தான்.

அக்கா மகன் இந்த வருடம் ஷேவ் செய்யத் தொடங்கியிருக்கிறான். கன்னமெல்லாம் பரு. கென்ட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தத் தோலுக்கும் அந்த ஊர்த் தண்ணீருக்கும் அதுதான் சரி. "மாமா, இதை எப்படிக் கழுவணும்?" என்று கேட்டான். கொதிநீர் வேண்டாம், அடியில் இருக்கும் பசை விட்டுவிடும். வட்டமாக அழுத்தித் தேய்க்காதே, நடுவில் குழி விழும். வேரில் சோப்பு தங்காமல் அலசி, உதறி, காற்றுப் படும் இடத்தில் வை என்று எழுதி அனுப்பினேன்.