அமெரிக்காவுக்கு எந்தக் கைபேசி: ஊரில் வாங்கியதா, அங்கே வாங்குவதா?

அயோவா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்குக் குடிவந்தபோது சென்னையில் வாங்கிய நடுத்தர விலைக் கைபேசியையே கொண்டுவந்தேன். எட்டு மாதங்கள் அதனுடன் மல்லுக்கட்டிவிட்டு இங்கே ஒன்றை வாங்கினேன். நீண்ட காலம் தங்க வருகிறவர்கள் இங்கே வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. விலையும் கேமராவும் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பவைதான். யாரும் பார்க்காதது, கைபேசி எந்தெந்த அலைவரிசைகளை ஏற்கும் என்பது.

அலைவரிசைகளைப் பங்கிடுவதற்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் இந்தியா மூன்றாம் மண்டலம், அமெரிக்கா இரண்டாம் மண்டலம். நம் ஊர் 4ஜி பெரிதும் நம்பியிருக்கும் 1800 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 3 என்று எண்ணிட்ட அலைவரிசைப் பட்டையில், கைபேசி 1710 முதல் 1785 வரை அனுப்பி, 1805 முதல் 1880 வரை பெறுகிறது. அமெரிக்காவின் பேண்ட் 66-இலும் அனுப்பும் பக்கம் 1710-இல்தான் தொடங்குகிறது. ஆனால் பெறும் பக்கம் 2110 முதல் 2200 வரை. பாதி பொருந்துவதால் பயன் ஒன்றும் இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு 600 மெகாஹெர்ட்ஸ். தொலைக்காட்சியின் 38 முதல் 51 வரையிலான சேனல்கள் இருந்த இடத்தைக் காலிசெய்து, 2017-இல் முடிந்த ஏலத்தின் வழியாக அமெரிக்கா அதை மொபைல் சேவைக்குக் கொடுத்தது. அதுவே பேண்ட் 71. இந்தியாவிலும் 2022 ஏலத்தில் 600 வைக்கப்பட்டது, கேட்பார் இல்லை. ஆகவே அங்கே விற்கும் நடுத்தரக் கைபேசிகளில் அந்த பேண்டைச் சேர்க்க உற்பத்தியாளருக்குக் காரணமும் இல்லை. தாழ்ந்த அலைவரிசைதான் தொலைதூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் ஊர்ப்புறத்தில் அதை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் இயந்திரங்கள் நிலவறையில் இருக்கின்றன. ஜன்னலோரம் 2500 மெகாஹெர்ட்ஸில், அதாவது இரு நாடுகளுக்கும் பொதுவான பேண்ட் 41-இல், முழுக் கோடுகளும் காட்டிய பழைய கைபேசி, படியிறங்கிப் பத்தாவது படியில் சேவையை இழந்துவிடும். அதே சிம்மைப் புதிய கைபேசியில் போட்டேன். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே அம்மாவுடன் பேச முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. 2022-இல் இங்கே பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடிவிட்டதால், அழைப்புகள் வோல்டி (4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வசதி) வழியாகவே போகவேண்டும். வெளிநாட்டு மாடல்களுக்கு அந்த வசதியை எல்லா நிறுவனங்களும் திறந்துவிடுவதில்லை.

ஊரில் வாங்கியதற்கும் நியாயம் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் வரும் பெற்றோர் பெருநகரில் தங்கினால் அதுவே போதும் என்று நினைக்கிறேன். இங்கே நான் பெருநகரில் வாழ்ந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கைபேசியுடன் ஊருக்குத் திரும்புவோர் கவனிக்க வேண்டியவையும் சில. ஜியோ 5ஜிக்கு வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்28 எனப்படும் 5ஜி பேண்ட், அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டுமே. ஒரே ஒரு மூன்று வார விடுமுறையில் எனக்குச் சிக்கல் வரவில்லை.

வாங்குமுன் மாடல் எண்ணின் விவரப் பட்டியலில் 71, 12 (இங்குள்ள 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்), 66 ஆகிய மூன்று பேண்டுகளையும் தேடுங்கள். என் பழைய கைபேசி இந்திய சிம்முடன் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. வங்கியின் ஓடிபி வருவதற்கு அந்த இடம் போதும்.