ஆடி மாதத்துக்கு எந்த நாவல்: ஒரே ஒரு பெரியதா, கடலோரத்து இரண்டா, கையடக்கமாக மூன்றா?

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். செங்கோட்டையிலிருந்தே நிரம்பி வரும் வண்டி என்பதால் காலையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. மாலையில் ஜன்னலோரம் கிடைக்கும். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 35 பக்கம் ஓடும். ஆடி அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் போய்விடும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகும். அந்த நாட்களில் புத்தகம் விரிக்க முடியாது. மிச்சம் 24 நாள் என்று வைத்தால் 840 பக்கம். இதற்குள் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் நானும் மதினியும் ஒரே பிரதியைத்தான் மாற்றி மாற்றி வாசிக்கிறோம். அதனால் ஒருவர் கையில் புத்தகம் மாட்டிக்கொண்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

மூன்று யோசனைகள் இருந்தன. மூன்றுமே பழைய திருநெல்வேலிச் சீமைக்குள் அடங்குபவை. இந்த நாவல்களின் களங்களில் கோவில்பட்டிப் பக்கமும் மணப்பாடும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. 1986-இல்தான் அது தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் எல்லாம் ஒரே மாவட்டம்.

முதல் யோசனை, பூமணியின் 'அஞ்ஞாடி'. 2012-இல் வந்து 2014-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். 1000 பக்கத்தைத் தாண்டும். கலிங்கல் என்ற ஊரில் ஆண்டி, மாரி என்ற இரண்டு பையன்களின் சிநேகிதத்தில் தொடங்கி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரை தலைமுறை தலைமுறையாக விரிகிறது. கரிசல் காட்டின் நூறு வருஷத்துக்கும் மேலான வாழ்க்கை ஒரே புத்தகத்தில் வேண்டும் என்றால் இதற்கு நிகராக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் 840 பக்கத்துக்குள் அது அடங்காது. அதைவிடப் பெரிய சிக்கல், விட்டு விட்டு வாசிக்கும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பது நழுவிவிடுகிறது. போன வருஷம் நான் அதைத் தொடங்கி 200 பக்கத்தில் நிறுத்தியதும் இப்படித்தான். நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கனத்தைத் தாங்கவும் முடியாது. லீவு நாட்கள் சேர்ந்து வரும்போது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் வைத்து வாசிக்க வேண்டிய புத்தகம் அது.

இரண்டாவது யோசனை கையடக்கமான மூன்று: வண்ணநிலவனின் 'ரெய்னீஸ் ஐயர் தெரு', 'கம்பா நதி', பூமணியின் 'வெக்கை'. மூன்றையும் சேர்த்தாலும் 450 பக்கத்துக்குள் முடிந்துவிடும். பிடித்ததைத் திரும்ப ஒருமுறை வாசிக்கவும் நாள் இருக்கும்.

'ரெய்னீஸ் ஐயர் தெரு' பாளையங்கோட்டைத் தெரு ஒன்றைப் பற்றியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் அங்கேயே இறந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸின் பெயர்தான் நம்மூர் வாயில் ரெய்னீஸ் ஐயர் ஆனது. கதை என்று பெரிதாக எதுவும் நடக்காது. சில வீடுகள், டாரதி, இருதயத்து டீச்சர், ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டின் மேல் இருக்கும் பிரியமும் வருத்தமும், அப்புறம் மழை. அந்த மழைப் பக்கங்களை வாசித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் நடந்தால், ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் ஒவ்வொன்றிலும் யாரோ நின்று மழை பார்ப்பது போலவே எனக்குத் தோன்றும்.

'வெக்கை' 1982-இல் வந்தது. வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) இதிலிருந்து எடுத்ததுதான். படம் பார்த்துவிட்டோம், கதை தெரியும் என்று இதை ஒதுக்க வேண்டாம். படத்தில் வரும் முன்கதையையும் சண்டையையும் மனதிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இதற்குள் போக வேண்டும். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் சிதம்பரத்துக்கு வயது 15. அவனும் அப்பாவும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். அந்தப் பையனிடம் அப்பா பேசும் விதம் இருக்கிறதே, பயந்துபோன பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. எந்தச் சாதி என்று ஓர் இடத்திலும் சொல்லாமலே எல்லாவற்றையும் புரிய வைத்துவிடுகிறார் பூமணி.

'கம்பா நதி' நான் இருமுறை வாசித்தது, இந்த மாதம் அவசரமில்லை.

இந்தத் திட்டத்தில் எனக்குள்ள குறை இதுதான். மூன்றும் தனித்தனியாக நல்லவை. ஆனால் பாளையங்கோட்டைத் தெருவிலிருந்து எழுந்து நேரே கரிசல் காட்டில் போய் ஒளிந்தால், முதலாவது மனதில் ஊறுவதற்குள் இரண்டாவது வந்து அதை அடித்துக்கொண்டு போய்விடும். சின்னப் புத்தகம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். பக்கம் முடியும், அவ்வளவுதான். வண்ணநிலவனை முடித்த பிறகு எனக்கு இரண்டு நாளாவது எதுவும் வாசிக்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது யோசனை கடலோரம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). முன்னது பதிப்பைப் பொறுத்து 150 பக்கத்தை ஒட்டி வரும். பின்னது 500-ஐத் தாண்டும். 840-க்குள் நிம்மதியாக அடங்கி, மூச்சுவிடவும் இடம் தருகின்றன. நான் தேர்ந்தெடுத்திருப்பது இதைத்தான். காரணம் பக்கக் கணக்கு மட்டும் இல்லை.

இரண்டும் ஒரே கடற்கரை. 'கடல்புரத்தில்' நடக்கும் மணப்பாடும், ஜோ டி குரூஸ் பிறந்த உவரியும் ஒரே கரையில் வடக்கும் தெற்குமாக இருக்கும் ஊர்கள். இரண்டிலும் கடல் தொழில், கிறிஸ்தவக் கோயில், சாமியார் என்று ஊர் அழைக்கும் பாதிரியார், திருநாள். ஆனால் ஒன்றில் வல்லம் என்ற நாட்டுப் படகு, இன்னொன்றில் கட்டுமரம். ஒன்று வீட்டு வாசலில் நின்று கடலைப் பார்க்கிறது, இன்னொன்று கடலில் மிதந்துகொண்டு ஊரை நினைக்கிறது.

'கடல்புரத்தில்' நாவலில் குரூஸ் மிக்கேலுக்குத் தன் வல்லத்தை விட்டுப் பிரிய மனமில்லை. வாத்தியார் வேலை பார்க்கும் மகன், வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். லாஞ்சி என்ற விசைப்படகு வந்த பிறகு வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை மூள்கிறது. நடுவில் மகள் பிலோமினா, அவள் சாமிதாஸ் மேல் வைத்த பிரியம். இத்தனை இழப்புக்கு நடுவிலும் அவள் யாரையும் வெறுப்பதில்லை. மதினிக்கு இதில் ஒரு குறை. "இம்புட்டு நடந்தும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஆங்காரமே வராதா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை. கோபப்பட நியாயம் இருந்தும் கோபம் வராத மனுஷியை நம்பும்படி எழுதுவது, கோபக்காரியை எழுதுவதைவிடக் கஷ்டம்.

'ஆழி சூழ் உலகு' அந்த ஆங்காரத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆமந்துறை என்ற ஊர், 1933 முதல் 1985 வரை, மூன்று தலைமுறை. புயலில் சிக்கி நடுக்கடலில் தவிக்கும் கோத்ரா, சூசை, சிலுவை மூவரையும் விட்டு விட்டுக் காட்டிக்கொண்டே, ஊரின் பழைய கதை முழுவதையும் சொல்கிறார். மேற்கே காற்று மாறுவது, மீன்பாடு, அடிதடி, ரகசிய உறவுகள், ஊரையே தாங்கிய காகு சாமியார் எல்லாம் வருகின்றன. முதல் 50 பக்கம் தடுமாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆட்கள் அதிகம், கடற்கரைச் சொற்கள் அதிகம். அந்தப் பேச்சை வாய்விட்டு வாசித்தால் பிடிபடுகிறது. கண்ணால் மட்டும் ஓட்டினால் பிடிபடாது. அதனால் அந்தப் பக்கங்களை ரயிலுக்கு வைக்காமல், வீட்டில் இரவு நேரத்துக்கு வைத்திருக்கிறேன்.

இதில் எது முதலில் என்பதற்கும் ஒரு யோசனை உண்டு. பெரியதை முதலில் வாசித்தால், அதன் இரைச்சல் காதில் இருக்கும்போது 'கடல்புரத்தில்' மெலிந்துபோனதாகத் தெரியும். சின்னதை முதலில் வாசித்துவிட்டுப் போனால், மிக்கேலைப் போன்ற ஆட்கள் கடலுக்குள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை இரண்டாவது நாவல் சொல்வது போல இருக்கும். எழுதியவர்கள் வேறு, காலம் வேறு என்றாலும் வாசிக்கிற மனதில் ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது.

சோ. தர்மனின் 'சூல்', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' இரண்டையும் கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டும் அருமையானவை. 'அஞ்ஞாடி'யோடு சேர்த்துக் கரிசலுக்கென்று ஒரு மாதம் ஒதுக்கும்போது அவை முதல் வரிசையில் நிற்கும்.

ஆக, ஆடி முதல் வாரம் 'கடல்புரத்தில்', மாலை ரயிலில் மட்டும். சாரல் அடிக்கும் நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தாள் நனைந்துவிடும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை பையில் வைத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி தாமிரபரணிப் பாலத்தில் வண்டி ஏறும்போது எந்த வரியில் இருந்தாலும் மூடிவிடுவது வழக்கம். அப்புறம் இரண்டு நாள் இடைவெளி. அதன் பிறகு 'ஆழி சூழ் உலகு', அமாவாசை வாரத்தை விட்டுவிட்டு மாதக் கடைசி வரை.

'அஞ்ஞாடி' என்ன ஆயிற்று என்றால், அது மதினிக்குப் போய்விட்டது. "பெரிய புஸ்தகத்த வீட்டுல வச்சிட்டுப் போங்க தம்பி, மத்தியானம் நான் வாசிக்கேன்" என்றார். என் பழைய ரயில் டிக்கெட் ஒன்றை எடுத்து அடையாளம் வைத்துக்கொண்டு, இப்போது 60-ஆவது பக்கத்தில் இருக்கிறார். ஆண்டியும் மாரியும் இன்னும் சின்னப் பயல்கள்தானாம்.