கவுன்சிலிங் வார்டில் இல்லை, பில்லில் மட்டும் இருந்தது

சர்க்கரையால் காலை எடுக்க வேண்டிய நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்மிஷன் போடுங்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் குறையில்லை. மனசு உடைந்துபோகாமல் இருக்க சைக்காலஜிஸ்ட் தினமும் வந்து பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள்.

வந்தவர் கட்டில் பக்கம் உட்காரக்கூட இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதில் விழ, "தூங்குனீங்களா? சாப்பிட்டீங்களா? தைரியமா இருங்கம்மா" என்பார். ஃபைலில் ஒரு டிக், அடுத்த கட்டில். அம்மாவோ ராத்திரி முழுக்க, எடுத்துவிட்ட காலின் கட்டைவிரல் எரிகிறது என்று அழுவார். அந்தப் பக்கம் போர்வையை இழுத்து மூடச் சொல்வார். இதை அந்த சைக்காலஜிஸ்டிடம் சொன்னேன். "வயசானவங்க, குழப்பமா இருக்கும்" என்றார்.

குழப்பமே இல்லை. உறுப்பை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாய உறுப்பு வலி வரும். மருந்து உண்டு, கண்ணாடி வைத்துச் செய்கிற பயிற்சியும் உண்டு. இதை ஒருவர் பொறுமையாகச் சொல்லியிருந்தாலே, தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று அம்மா பயந்திருக்க மாட்டார். எனக்கு ஆறாதது இதுதான்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு ஊழியர் டேப்லெட்டோடு வந்தார். ஃபீட்பேக் போட்டால்தான் பில் க்ளோஸ் ஆகுமாம். "மனநல ஆலோசனை திருப்தியா?" என்ற கேள்விக்கு அவரே ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டார். அப்புறம் பில் வந்தது. சைக்காலஜி கன்சல்டேஷன், நாளுக்கு 900 ரூபாய், யாருமே வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. கேட்டால், "நீங்களே ஃபுல் ஸ்டார் குடுத்திருக்கீங்களே சார்!"

அதனால் விவரமான பில் கைக்கு வராமல் எந்த ஃபீட்பேக்கும் போடாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்று யார் வந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், இன்றுவரை வரவில்லை. கேஸ் ஷீட் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்குக் கிடைத்த நகலில் எல்லா நாளும் ஒரே வரி: "நோயாளி நலம், ஒத்துழைக்கிறார்." அந்த ஞாயிறன்றும் அதே வரி, அதே கையெழுத்து.

அந்த நகலையும் பில்லையும் இணைத்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். வார்டில் இருக்கும்போதே பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.